ஒரு வீடு, பல குரல்கள்: மைஹர் பாபாவின் நினைவு நாளில்

நேற்று ஆசிரியர் நாள். காலை தொடங்கி நள்ளிரவு வரை வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. ‘என்னைச் செதுக்கிய சிற்பி’, ‘ஏற்றிவிட்ட ஏணி’, ‘இருளகற்றிய விளக்கு’ என்ற உவமைகள் ஒவ்வோர் ஆண்டும் போலவே இவ்வாண்டும் வலம் வந்தன. எழுதியவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. ஓர் ஆசிரியர் மாணவரிடத்தில் விட்டுச் செல்வது என்ன? அதை எங்கே தேடிக் காண்பது? சிற்பியின் கையில் கல்லுக்குச் சொந்த விருப்பம் ஏதுமில்லை. மாணவருக்கு உண்டு. அந்த வேறுபாட்டை நம் உவமைகள் மறைத்துவிடுகின்றன.

இன்று செப்டம்பர் 6. 1972-ஆம் ஆண்டு இதே நாளில், மத்தியப் பிரதேசத்தின் மைஹர் என்னும் சிற்றூரில் பாபா அலாவுதீன் கான் மறைந்தார். ஆசிரியர் நாளுக்கு மறுநாளே அவர் நினைவு நாள் வருவது தற்செயல்தான். ஆனால் நேற்றைய கேள்விக்கு விடை தேட அவர் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இந்திய இசை வரலாற்றில் வேறில்லை. சிதாரில் ரவிசங்கர், நிகில் பானர்ஜி. சரோதில் அலி அக்பர் கான், ஷரண் ராணி, திமிர் பரண். சுர்பஹாரில் அன்னபூர்ணா தேவி. புல்லாங்குழலில் பன்னாலால் கோஷ். இவர்கள் அனைவரும் அவரிடம் பயின்றவர்கள். ஒரு சிற்றரசின் அரண்மனை இசைக்கலைஞர் ஒருவரின் வீட்டில் பயின்றவர்கள், இருபதாம் நூற்றாண்டின் இந்துஸ்தானி வாத்திய இசையின் போக்கையே மாற்றினார்கள்.

பெயர்ப்பட்டியலோடு நிறைவு கொள்வது எளிது. ஆனால் இப்பட்டியலைக் கேட்டவுடன் ஆய்வு முறையியல் பயின்ற எவரும் ஓர் ஐயத்தை எழுப்ப வேண்டும். இவர்கள் இயல்பிலேயே பேராற்றல் உடையவர்கள் அல்லவா? நிகில் பானர்ஜி சிறுவயதிலேயே சிதார் போட்டியில் வென்று வானொலியில் வாசித்தவர். அவரை ஏற்கத் தயங்கிய பாபா, வானொலியில் அவர் வாசித்ததைக் கேட்ட பிறகே மனம் மாறினார். பன்னாலால் கோஷ் 1947-இல் பாபாவிடம் வந்தபோது ஏற்கெனவே பெயர்பெற்ற குழலிசைக் கலைஞர்; பம்பாய்த் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். அலி அக்பரும் அன்னபூர்ணாவும் இசையின் நடுவே பிறந்த பிள்ளைகள். சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டுவிட்டு, பின்னர் அவர்கள் சிறந்தவர்களாய் விளங்குவதைத் தம் கற்பித்தலின் வெற்றியாகக் கணக்கெழுதும் கல்வி நிறுவனங்களை நாம் அறிவோம். மைஹரும் அப்படி ஒன்றா?

இந்த ஐயத்துக்கு மைஹரிலேயே விடை இருக்கிறது. அது ரவிசங்கரின் கச்சேரி மேடையில் இல்லை. மைஹர் வாத்தியக் குழுவில் இருக்கிறது. 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொள்ளைநோய் நாடெங்கும் குடும்பங்களை அழித்தது. அவ்வாறு பெற்றோரை இழந்து நின்ற மைஹர்ப் பிள்ளைகளைக் கூட்டி, மன்னர் பிரிஜ்நாத் சிங்கின் ஆதரவோடு பாபா ஓர் இசைக்குழு அமைத்தார். அந்தப் பிள்ளைகளை எவரும் போட்டி வைத்துத் தேர்வு செய்யவில்லை. இசைக் குடும்பப் பின்னணி அவர்களுக்கில்லை. அவர்களிடம் இருந்தது பசியும் தனிமையும் மட்டுமே. அவர்களுக்குப் பாபா சுரம் கற்பித்தார், தாளம் கற்பித்தார், சிதாரும் எஸ்ராஜும் வயலினும் வாசிக்கக் கற்பித்தார். துப்பாக்கிக் குழாய்களை அளவாக வெட்டி வரிசையாக அடுக்கி ‘நல்தரங்’ என்னும் புதிய வாத்தியத்தை அக்குழுவுக்காகவே உருவாக்கினார். ஜலதரங்கத்தில் நீர் நிறைந்த கிண்ணங்கள் செய்யும் வேலையை இங்கே இரும்புக் குழாய்கள் செய்கின்றன. சுடுவதற்காக வார்க்கப்பட்ட இரும்பு, தாய் தந்தையற்ற பிள்ளைகளின் கையில் சுரம் பேசியது. அக்குழு இன்றும் அழிந்துவிடவில்லை. தலைமுறைகள் மாறினும் மைஹரில் அவ்விசை தொடர்கிறது.

அந்தப் பிள்ளைகளுள் எவர் பெயரும் நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரியாது. ஓர் ஆசிரியரை அளக்க வேண்டுமெனில் நான் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பெயர் தெரியாதவர்களைத்தான். தம்மிடம் வெறுங்கையோடு வந்தவரை அவர் எங்கே கொண்டு சேர்த்தார் என்பதே முதல் அளவுகோல்.

இந்தக் கருணைக்கு ஒரு பின்கதை உண்டு. அலாவுதீன் கான் இன்றைய வங்கதேசத்தின் பிராமண்பாரியா பகுதியைச் சேர்ந்த சிப்பூர் என்னும் ஊரில் பிறந்தவர். இசைப் பித்தால் சிறு வயதிலேயே வீட்டைவிட்டு ஓடியவர். கல்கத்தாவில் கோபால் கிருஷ்ண பட்டாச்சார்யாவிடம் பல ஆண்டுகள் வாய்ப்பாட்டுப் பயின்றார். அந்த ஆசான் மறைந்ததும் வாத்தியங்களின் பக்கம் திரும்பினார்; நாடகக் குழுவின் இசைக்கூட்டத்தில் வாசித்துப் பிழைத்தார்; கிடைத்தவரிடமெல்லாம் கிடைத்த வாத்தியத்தைக் கற்றார். இறுதியில் ராம்பூர் அரசவையில் இருந்த வசீர் கானிடம் சென்று நின்றார். தான்சேன் வழிவந்த சேனியா மரபின் பெருங்கலைஞர் அவர். அந்த மரபின் உயரிய இசை குடும்பத்தாருக்கே உரியது. வெளியார்க்கு அவ்வளவு எளிதில் திறக்காது. வாயிற்காவலர் உள்ளே விடாமையால் நவாபின் காரின் முன் பாய்ந்து தம் வேண்டுகோளைத் தெரிவித்தார் என்று அவரது வரலாற்றைச் சொல்வோர் அனைவரும் குறிப்பிடுகின்றனர். மாணவராக ஏற்கப்பட்ட பின்னரும் நெடுங்காலம் உண்மையான பாடம் கிடைக்கவில்லை என்றும், மகனை இழந்த துயரத்தில் மனம் மாறிய பிறகே வசீர் கான் தம் இசையை அவருக்கு முழுமையாகத் திறந்தார் என்றும் சொல்வர்.

வாயிலில் நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்டவர், தமக்கென ஒரு வாயில் வாய்த்தபோது என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய உண்மையான பண்பு தெரிகிறது. ‘நான் பட்டதை நீயும் படு’ என்று அவர் சொல்லியிருக்கலாம். கல்வியுலகில் அவ்வாறு சொல்பவர்களுக்குக் குறைவில்லை. பாபா கதவைத் திறந்து வைத்தார். இந்து, முஸ்லிம், வங்காளி, தில்லிக்காரர், ஆண், பெண், அநாதை எனப் பலரும் அவ்வழியே நுழைந்தனர். கட்டணம் வாங்காமல் கற்பித்தார். உடன் தங்கிய மாணவர்க்கு உணவும் அவர் வீட்டிலேயே. ஐந்து வேளை தொழுத அந்த முஸ்லிம், மைஹர்க் குன்றின் மேல் உறையும் சாரதா தேவியையும் தம் தாயாகவே கருதி வணங்கினார். குடும்பச் சொத்தாகப் பூட்டிக் கிடந்த ஓர் அறிவு, அவர் ஒருவர் வழியாகப் பொதுச் சொத்தாயிற்று. 1955-இல் மைஹரில் இசைக் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார்.

அவர் மாணவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் வாசிக்கவில்லை என்பதை இரண்டாவது அளவுகோலாகக் கொள்வேன்.

ரவிசங்கரின் சிதாரையும் நிகில் பானர்ஜியின் சிதாரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வாத்தியம் ஒன்று, ஆசான் ஒருவர். இருந்தும், ரவிசங்கரிடம் தாழ்ந்த மந்திரத் தந்தியின் கனமும், லய விளையாட்டும், கட்டமைப்பின் தெளிவும் முன் நிற்கும். நிகில் பானர்ஜியிடம் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இழைந்து செல்லும் உள்முகமான நடை முன் நிற்கும். இது தானாக நிகழ்ந்ததன்று. மாணவரின் வலிமையையும் குறையையும் அறிந்து அதற்கேற்பப் பாடத்தையே மாற்றுவது பாபாவின் வழக்கம். ருத்ர வீணையின் நிதானமான ஆலாபனை முறை என்ற அடித்தளம் எல்லார்க்கும் பொது. அதன் மேல் எழுப்பும் கட்டடம் அவரவர்க்குரியது.

வெவ்வேறு வாத்தியக்காரர்களுக்கு ஒருவரே ஆசானாக விளங்கியது எவ்வாறு என்பதும் கருதத் தக்கது. பாடம் வாத்தியத்தின் வழியாக மட்டும் வருவதில்லை. குரலின் வழியாக வருகிறது. ஆசான் ஒரு சொற்கட்டைப் பாடுகிறார். சரோத்காரர் அதைத் தந்தியின் மேல் விரல் நகத்தை வழுக்கித் தேடுகிறார். சிதார்க்காரர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத் தேடுகிறார். குழலூதுபவர் மூச்சிலும் விரல் நுனியிலும் தேடுகிறார். கேட்டது ஒன்று, கண்டடைந்தது வேறு வேறு. ஆசானின் விரலைப் பார்த்துப் படியெடுக்க வழியே இல்லாத இந்த இடைவெளியில்தான் மாணவரின் தனிக்குரல் பிறக்கிறது. நம் ஆய்வுலகில் இந்த இடைவெளியை விட்டுவைக்கும் நெறியாளர் எத்தனை பேர்? நெறியாளரின் கோட்பாடு, நெறியாளரின் சொல்லாட்சி, நெறியாளர் மேற்கோள் காட்டும் அதே ஐந்து அறிஞர்கள் என்று ஒரே துறையிலிருந்து வரும் பத்து ஆய்வேடுகள் ஒரே ஆய்வேட்டின் பத்துப் படிகளாய் இருப்பதை நாம் ‘பள்ளி’ என்று பெருமையாக அழைக்கிறோம்.

இனி, பேசாமல் கடந்து செல்ல எனக்கு மனமில்லாத ஒரு செய்தி. பாபா கடுஞ்சினம் உடையவர். பிழையாக வாசித்ததற்காக மகன் அலி அக்பரை மரத்தில் கட்டிவைத்து அடித்தவர். அச்சிறுவன் நாளெல்லாம் சாதகம் செய்ய வேண்டியிருந்தது. தாளாமல் ஒருமுறை வீட்டைவிட்டே ஓடினான். இந்தச் செய்திகளைப் பக்தி மணக்கச் சொல்லிக் காட்டி, ‘அப்படி அடித்து வளர்த்ததால்தான் அலி அக்பர் பிறந்தார்’ என்று முடிப்பவர்கள் உளர். என் எதிர்ப்பு இந்த முடிவுக்குத்தான்.

ஏனெனில் சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. பாபா கை நீட்டாத மாணவர் ரவிசங்கர். ஒருநாள் பாடத்தின்போது, வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்ற பொருளில் பாபா ஏசிவிட, அந்த ஒரு சொல்லையே தாங்காமல் ரவிசங்கர் ஊருக்குப் புறப்பட ஆயத்தமானார். தடுத்து நிறுத்திய அலி அக்பர், அடி வாங்காத ஒரே ஆள் நீதான் என்று சொன்னதாக ரவிசங்கரே பதிவு செய்திருக்கிறார். அடி வாங்கியவரும் உலகப் புகழ் பெற்றார், வாங்காதவரும் பெற்றார். அப்படியானால் இருவரையும் ஆக்கியது அடியன்று. இருவர்க்கும் பொதுவாய்க் கிடைத்தவை வேறு: நாள்தோறும் தவறாத பாடம், பிழையைப் பிழையென்று உடனே சுட்டும் செவி, தாமே முதுமை வரை சாதகத்தை விடாத ஓர் ஆசானின் முன்மாதிரி, கற்பதற்கு இடையூறின்றி உணவும் உறைவிடமும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘குரு-சிஷ்ய பரம்பரை’ என்ற சொல் இன்று இசை வகுப்பைவிட ஆய்வுத் துறைகளில்தான் அதிகம் பயன்படுகிறது. அதுவும் மாணவர் ஒரு கேள்வி கேட்கும்போது. அத்தியாயம் எட்டு மாதமாக மேசையில் கிடக்கிறதே என்று கேட்டால் குருபக்தி இல்லை என்பார்கள். வீட்டு வேலையையும் வங்கி வேலையையும் செய்ய மறுத்தால் ‘அந்தக் காலத்து மாணவர்களைப் பார்’ என்பார்கள். கட்டுரையில் தம் பெயரை ஏன் முதலில் போட வேண்டும் என்று கேட்டால் மரபு அறியாதவன் என்பார்கள். மரபிலிருந்து பணிவை மட்டும் எடுத்துக்கொண்டு, நாள்தோறும் உடனமர்ந்து கற்பிக்கும் கடமையை விட்டுவிடுவதற்கு மரபென்று பெயரில்லை. பாபாவின் சினத்தைக் கடன் வாங்குவோர், அவர் உழைப்பையும் சேர்த்தே கடன் வாங்கட்டும்.

பாபாவிடமும் தயக்கங்கள் இருந்தன. அவற்றைத் திருத்திக்கொள்ளும் மனமும் இருந்தது. மூத்த மகளுக்கு இசை கற்பித்தார். அதனாலேயே அவள் புகுந்த வீட்டில் துன்புற நேர்ந்தது. ஆகவே இளையவளுக்குக் கற்பிப்பதில்லை என முடிவு செய்தார். ஆனால் அண்ணன் தவறாக வாசித்ததைச் சிறுமி அன்னபூர்ணா பாடித் திருத்திக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டார். கேட்டபின் தம் முடிவை மாற்றிக்கொண்டார். பின்னாளில் சிதாரிலிருந்து சுர்பஹாருக்கு மாறும்படி மகளுக்கு அறிவுறுத்தினார். சுர்பஹார் சிதாரைவிடப் பெரியது, ஆழ்ந்த ஒலியுடையது, கைதட்டல் குறைவாகவே கிடைக்கக் கூடியது. கூட்டத்துக்காக அன்றி இசைக்காகவே வாசிக்கக் கூடியவள் என்று மகளைப் பற்றி அவர் கணித்திருந்தார்.

அன்னபூர்ணா தேவி 1950-களுக்குப் பின் மேடையை விட்டு விலகினார். பம்பாயில் தம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு 2018-இல் மறையும் வரை வாழ்ந்தார். ஒலிப்பதிவு என்று அவர் விட்டுச் சென்றது மிகச் சொற்பம். கச்சேரிகளையும் இசைத்தட்டுகளையும் மட்டும் எண்ணும் கணக்கில் அவர் ஏறக்குறைய இல்லாதவர். ஆனால் அவரிடம் பயின்றவர்களைக் கேளுங்கள். தந்தையிடம் பயின்ற நிகில் பானர்ஜி அவரிடமும் பயின்றார். திரையிசையிலும் வானொலியிலும் பெயர்பெற்ற பின்னர் அவரை நாடிச் சென்ற ஹரிபிரசாத் சௌராசியா, பலமுறை மறுக்கப்பட்டு, கற்றதையெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கும் உறுதியோடு மாணவரானார். அன்னபூர்ணா தேவி குழல் ஊதியவர் அல்லர். பாடிக் காட்டியே கற்பித்தார். குழலில் சௌராசியா வாசிக்கும் நீண்ட ஆலாபனையில் நாம் கேட்பது, மைஹரில் ஒரு தந்தை மகளுக்குப் பாடிக் காட்டியதன் தொடர்ச்சி. சௌராசியா பின்னர் மும்பையிலும் புவனேசுவரத்திலும் குருகுலங்கள் அமைத்தார்.

இதுவே மூன்றாவது அளவுகோல்: மாணவர் கற்பிக்கத் தொடங்கினாரா? அலி அக்பர் கான் 1956-இல் கல்கத்தாவில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1967-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கல்லூரியில் 2009-இல் மறையும் வரை கற்பித்தார். மரத்தில் கட்டி அடிக்கும் முறை அங்கே செல்லவில்லை; இசை சென்றது. மாணவர் ஒருவர் தம் ஆசானிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை அவரோடே விட்டுவிடுவது என்று பகுத்தறிந்ததன் விளைவு அது. ஷரண் ராணியோ, வாசித்ததோடு நில்லாமல் தாம் ஆண்டுக்கணக்கில் திரட்டிய பழைய இசைக்கருவிகளைத் தில்லித் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்.

1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த இசை நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவோம். அதன் தொடக்கத்தில் சிதாரும் சரோதும் ஏந்தி அமர்ந்தவர்கள் ரவிசங்கரும் அலி அக்பர் கானும். வாசித்தது ஒரு வங்க மெட்டு. எந்த மண்ணுக்காக அவர்கள் வாசித்தார்களோ, அந்த மண்ணில் பிறந்த கிழவர் அப்போது மைஹரில் உயிரோடு இருந்தார். அவ்வாண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கியது. விருது அவருக்குப் பெருமை சேர்த்தது உண்மைதான். ஆயினும் மேடையில் இருவர் மடியில் இருந்த இரு வாத்தியங்களைவிட அது பெரிய சான்றில்லை.

நம் பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். ஆசிரியரின் பணியைப் புள்ளிகளாக மாற்றும் செயல்திறன் குறியீட்டை 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தது. விதிகள் பின்னர் மாறின. எண்ணும் பழக்கம் மாறவில்லை. கட்டுரைக்குப் புள்ளி, கருத்தரங்குக்குப் புள்ளி, முனைவர் பட்டம் பெற்ற மாணவருக்குப் புள்ளி. பட்டம் பெற்ற நாளோடு மாணவர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். இருபது ஆண்டு கழித்து அவர் எப்படிக் கற்பிக்கிறார் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அதைப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சேர்த்தால் அதற்கும் ஒரு போலிச் சான்றிதழ் வந்துவிடும். ஆனால் படிவத்தில் இல்லாததால் அது இல்லாமற் போய்விடாது என்பதை ஆசிரியர்களும், ஆசிரியராகக் காத்திருக்கும் நாமும் மறக்கலாகாது.

துறையில் அடுத்த முறை ஒரு பேராசிரியரின் பணிநிறைவு விழா நடக்கும்போது, அவர் எத்தனை நூல் எழுதினார் என்பதோடு வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலம் தடுமாறி, நூலகத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல், முதல் தலைமுறையாக வந்து நின்ற மாணவரை அவர் எங்கே கொண்டு சேர்த்தார்? அவர் மாணவர்கள் அவரோடு முரண்பட்டு எழுதியிருக்கிறார்களா? அம்மாணவர்களின் வகுப்பறையில் இப்போது பிள்ளைகள் அஞ்சாமல் கேள்வி கேட்கிறார்களா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைக்குமானால் பொன்னாடை இல்லாவிட்டாலும் அது பெரிய விழாதான்.

நேற்று வாழ்த்து எழுதிய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆசிரியரை வாழ்த்தியதோடு நிறுத்திவிடாதீர்கள். அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது எது, வேண்டாமென்று விட்டது எது என்பதையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். இயன்றால் அதை அவரிடமே காட்டுங்கள். நல்லாசிரியர் எவரும் அதைக் கண்டு வருந்தமாட்டார்.

இன்று மாலை நேரம் வாய்த்தால் நிகில் பானர்ஜியின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேளுங்கள். அடுத்து ரவிசங்கரைக் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் மைஹர் வாத்தியக் குழுவின் நல்தரங் இசையோடு முடியுங்கள். மூன்றும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை.